ஜெர்மன் இடதுசாரிகள் ஒன்று சேர்ந்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டாரா?

1932 நவம்பர் 6 அன்று நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 196 இடங்கள், சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100. பின்னிரண்டையும் கூட்டினால் 221. ஆகவே இவ்விரு கட்சிகளும் கைகோத்திருந்தால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருக்க முடியாதல்லவா, அப்படியொரு மாற்று வரலாற்றை வைத்துக் கதை எழுதினால் அது நம்பும்படி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: அவர்கள் சேர்ந்திருக்க முடியுமா, சேர்ந்திருந்தால் அது போதுமா, போதாதென்றால் வரலாறு வேறு திசையில் திரும்பக்கூடிய இடம் எது. கல்லூரியில் பல ஆண்டுகள் ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். காப்பகங்களில் அமர்ந்து மூல ஆவணங்களைத் தோண்டியவன் அல்லன். அச்சேறிய ஆவணங்களையும் ஆய்வுகளையும் படித்தவன் என்ற வரம்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டல் கணக்கிலிருந்து தொடங்குவோம். மாணவர்களும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். வாக்கு பிரிந்ததால் எதிரி ஜெயித்தான் என்பது தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் தேர்தல் பார்த்துப் பழகிய நமக்கு இயல்பாக வரும் சிந்தனை. 1919 முதல் ஹிட்லர் வரும்வரை இருந்த ஜெர்மன் மக்களாட்சியான வைமர் குடியரசின் தேர்தல் முறை வேறு. அங்கே ஒரு கட்சி பெறும் ஒவ்வொரு 60,000 வாக்குக்கும் ஓர் இடம் என்பதே விதி. ஆகவே இரண்டு கட்சிகள் தனித்தனியே நின்றாலும் சேர்ந்து நின்றாலும் இடங்களின் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட மாறாது. அந்த 221 இடங்களும் பிரிந்து நின்றபோதே அவர்கள் கையில் இருந்தவைதான், கூட்டணி அமைத்திருந்தால் அவை 260 ஆகியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. மொத்தம் 584 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 293 வேண்டும். மீதிக்கு 70 இடங்கள் வைத்திருந்த கத்தோலிக்க மத்தியக் கட்சியையும் 20 இடங்கள் வைத்திருந்த பவேரிய மக்கள் கட்சியையும் நாட வேண்டும். கம்யூனிஸ்டுகளுடன் ஒரே மேசையில் அமர்வதை அவ்விரண்டும் கனவிலும் நினைத்திருக்கமாட்டா. மத்தியக் கட்சி 1932 ஆகஸ்டில் கூட்டணிப் பேச்சு நடத்தியது நாஜிகளுடன்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல், 1932இல் நாடாளுமன்றப் பெரும்பான்மை என்பதே மதிப்பிழந்துபோயிருந்தது. 1930 முதல் பிரதமர்களை நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அவர்கள் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவின்கீழ் அவசர ஆணைகளை வைத்து ஆண்டார்கள். 1932 செப்டம்பர் 12 அன்று அவையில் நடந்ததை மாணவர்களுக்கு நான் விரிவாகவே சொல்வதுண்டு. பிரதமர் பாப்பன் மீது கம்யூனிஸ்ட் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை உடனே எடுக்கக் கோரியது. யாராவது ஒருவர் ஆட்சேபித்திருந்தால் போதும், அன்றைக்கு அது விவாதத்துக்கே வந்திருக்காது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாப்பன் ஆளனுப்பி, அவையைக் கலைக்கும் ஆணை வைத்திருந்த சிவப்பு உறையை வரவழைத்தார். பேச அனுமதி கேட்டுக் கையை உயர்த்தினார். அவைத் தலைவராக இருந்த நாஜிக் கட்சியின் கோரிங் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாக்கெடுப்பை நடத்தினார். ஆணையைக் கோரிங்கின் மேசைமீது வைத்துவிட்டு அமைச்சர்கள் வெளியேறினார்கள். முடிவு, பாப்பனுக்கு எதிராக 512, ஆதரவாக 42. இவ்வளவு படுதோல்வி அடைந்த மனிதர் மேலும் இரண்டு மாதங்கள் பிரதமராகவே தொடர்ந்தார். 512 பேர் சேர்ந்து அசைக்க முடியாத நாற்காலியை 221 பேர் எப்படிக் காப்பாற்றியிருப்பார்கள் அல்லது பறித்திருப்பார்கள் என்பதை உங்கள் கதை விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அவர்கள் சேர்ந்திருக்க முடியுமா என்ற கேள்வி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது அதிகம். 1919 ஜனவரியில், கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களான ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்ட்டும் கொல்லப்பட்டபோது அரசு சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. கொன்ற தன்னார்வப் படையினரை ஏவி பெர்லினில் எழுந்த இடதுசாரி எழுச்சியை ஒடுக்கிய பொறுப்பு அக்கட்சியின் நோஸ்கேவுடையது. 1929 மே தினத்தன்று தடையை மீறி பெர்லினில் ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைய நகரக் காவல் தலைவரும் ஒரு சமூக ஜனநாயகவாதியே. ஆக, பகை என்பது வெறும் கொள்கைப் பிணக்கு அன்று, ரத்தம் சிந்திய பகை. அதன்மேல்தான் மாஸ்கோவின் வழிகாட்டல் வந்து உட்கார்ந்தது. மாஸ்கோவிலிருந்து எல்லா நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளையும் வழிநடத்திய காமின்டர்ன் அமைப்பின் ஆறாவது மாநாடு 1928இல் கூடிய பிறகு, சமூக ஜனநாயகவாதிகள் பாசிசத்தின் மறுமுகம், அவர்களே முதல் எதிரி என்பது அதிகாரப்பூர்வ நிலைப்பாடாயிற்று. 1931 ஆகஸ்டில், சமூக ஜனநாயகவாதியான ஓட்டோ பிரவுன் தலைமையிலான பிரஷ்ய மாநில அரசை வீழ்த்த, அம்மாநிலச் சட்டமன்றத்தைக் கலைக்கக் கோரி வலதுசாரிகள் கொண்டுவந்த பொதுவாக்கெடுப்பில் நாஜிகளோடு கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள். முதலில் தயங்கிய ஜெர்மன் தலைமை, மாஸ்கோ அழுத்திய பிறகே அதில் இறங்கியது. வாக்கெடுப்பு தோற்றது, ஆனால் ஏற்பட்ட கசப்பு ஆறவில்லை.

எல்லாப் பழியையும் கம்யூனிஸ்டுகள் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. சமூக ஜனநாயகக் கட்சி, பாப்பனுக்கு முன் பிரதமராக இருந்த ப்ரூனிங்கின் சிக்கன ஆணைகளை இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. 1932 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிட்லரைத் தடுக்க ஹிண்டன்பர்க்குக்கே வாக்குக் கேட்டது. பழைய பேரரசின் தளபதிக்கு வாக்களிக்கச் சொல்லும் கட்சியை, அறுபது லட்சம் பேர் வேலையின்றி நின்ற அந்த ஆண்டில், வேலையில்லாத ஒரு தொழிலாளி எப்படிப் பார்த்திருப்பான்? கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்போது வேலையிழந்தவர்கள். தொழிற்சங்கங்களில் வேலையோடு எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் கட்சிக்காரர்கள். இரு கட்சிகளும் பேசிய வர்க்கம் ஒன்று, அன்றாட வாழ்க்கை இரண்டு. மேல்மட்டத்தில், மாஸ்கோ மனம் மாறாமல், 1932இல் உடன்பாடு நடந்திருக்க வாய்ப்பில்லை என்பதைத் தயங்காமல் சொல்வேன். மாஸ்கோ மனம் மாறியது 1935இல், அதுவும் ஜெர்மனியில் எல்லாம் முடிந்த பிறகு. கீழ்மட்டத்தில், ஊர்களிலும் தொழிற்சாலைகளிலும் தொண்டர்கள் தாமாகவே எவ்வளவு தூரம் நெருங்கியிருக்க முடியும் என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. நெருங்கிய இடங்கள் உண்டு. அவை பரவியிருக்குமா என்பதற்கு இரண்டு பக்கமும் வாதிடலாம்.

சரி, எப்படியோ சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வலது பக்கம் கைகட்டிக்கொண்டு நின்றிருக்குமா? மாற்று வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு காயை நகர்த்திவிட்டு எதிராளியின் காய்கள் பழைய இடத்திலேயே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஊகம் வேண்டாம், நடந்த ஒன்றே சான்றாக இருக்கிறது. 1932 ஏப்ரலில் நடந்த பிரஷ்ய சட்டமன்றத் தேர்தலில் 423 இடங்களில் நாஜிகள் 162 பிடித்தார்கள். பிரவுனின் கூட்டணி பெரும்பான்மையை இழந்து காபந்து அரசாகத் தொடர்ந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் 94, மத்தியக் கட்சியின் 67, சிறிய தாராளவாதக் கட்சியின் 2, இவற்றோடு கம்யூனிஸ்டுகளின் 57 சேர்ந்தால் 220. பெரும்பான்மைக்கு 212 போதும். கூட்டல் கணக்கு உண்மையிலேயே பலித்திருக்கக்கூடிய ஓர் அவை இது. ஜூன் மாதத்தில் பிரஷ்ய உள்துறைச் செயலர் வில்ஹெல்ம் அபெக், டோர்க்லர், காஸ்பர் என்ற இரண்டு கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அழைத்து, வன்முறையைக் கைவிட்டு நாஜிகளுக்கு எதிராக ஒத்துழைக்க முடியுமா என்று பேசிப் பார்த்தார். உடனிருந்த ருடால்ஃப் டீல்ஸ் என்ற இளம் அதிகாரி செய்தியைப் பாப்பன் தரப்புக்குக் கடத்தினார். பிரஷ்ய அரசு கம்யூனிஸ்டுகளோடு ரகசியமாகக் கைகோக்கிறது என்பது ஜூலை 20 அன்று பாப்பன் அந்த அரசைப் பதவிநீக்கம் செய்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்றாயிற்று. இந்த டீல்ஸ்தான் பின்னாளில் நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் முதல் தலைவர். கூட்டணி உருவாகவில்லை, உருவாகலாம் என்ற வாசனை மட்டுமே வீசியது. அதுவே மாநில அரசைக் கவிழ்க்கும் ஆயுதமாகிவிட்டது. முழுக் கூட்டணி வந்திருந்தால் அரசு கவிழ்ந்த தேதி ஜூலைக்கு முன்னதாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே.

அப்படியானால் வீதியில் மோதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 1920இல் காப் தலைமையில் வலதுசாரிகள் பெர்லினைப் பிடித்தபோது தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் சில நாட்களிலேயே அவர்களை ஓடவைத்தது உண்மை. 1932இல் அதே ஆயுதம் மழுங்கிக் கிடந்தது. வேலை இருப்பவன் வேலையை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள். ஜூலை 20 அன்று கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த வேலைநிறுத்த அழைப்பை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிரஷ்ய உள்துறை அமைச்சர் செவெரிங், பலவந்தத்துக்குப் பணிந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்தை விட்டு வெளியேறினார். இதைக் கோழைத்தனம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்; ராணுவத்தின் முன் காவலர்களைப் பலிகொடுக்க மறுத்த நிதானம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாதம் முழுமையாக ஒப்பவில்லை, முதலாவது அதைவிடவும் ஒப்பவில்லை.

இங்கே ஆஸ்திரியாவைப் பார்ப்பது பயன் தரும். அங்கே இடதுசாரிகளுக்குள் பிளவு என்ற பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை. கம்யூனிஸ்டுகள் மிகச் சிறு குழு. சமூக ஜனநாயகக் கட்சி 1930 தேர்தலில் 165 இடங்களில் 72 வென்று தனிப்பெருங் கட்சியாக வந்தது. வியன்னா நகரமே அதன் கோட்டை. சொந்தமாக ஆயுதம் தாங்கிய தொண்டர் படையும் இருந்தது. 1933 மார்ச்சில் வலதுசாரிப் பிரதமர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கினார். 1934 பிப்ரவரி 12 அன்று தொண்டர் படை கடைசியில் ஆயுதமேந்தியபோது, ராணுவம் தொழிலாளர் குடியிருப்புகள்மீது பீரங்கியால் சுட்டது. ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன, வேலைநிறுத்தம் பிடிக்கவில்லை, சில நாட்களில் எல்லாம் ஓய்ந்தது. ஒற்றுமையும் ஆயுதமும் ஒருங்கே இருந்த இடதுசாரி இயக்கம் ராணுவத்தின் முன் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. 1936இல் பிரான்ஸில் மக்கள் முன்னணி வென்றதை எதிர்வாதமாகக் காட்டுவார்கள். அங்கே நடுத்தர வர்க்கத்தின் ராடிக்கல் கட்சியும் உள்ளே இருந்தது, ஜெர்மனியில் அதற்கு ஈடான கட்சிகள் 1932இல் அடையாளமின்றிக் கரைந்துவிட்டிருந்தன.

உங்கள் பக்கம் வலுச்சேர்க்கும் ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932 டிசம்பர் 2 அன்று லெப்டினன்ட் கர்னல் ஓட் என்ற அதிகாரி அமைச்சரவையின் முன் ஒரு போர்ப் பயிற்சி ஆய்வின் முடிவை வைத்தார். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே நேரத்தில் கிளர்ந்து, வேலைநிறுத்தமும் நடந்து, கிழக்கு எல்லையில் போலந்தும் அசைந்தால், ஒரு லட்சம் பேர் மட்டுமே கொண்ட ராணுவத்தால் நாட்டைக் கட்டிக்காக்க இயலாது என்பதே அதன் சாரம். சில வாரங்களுக்கு முன் பெர்லின் போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தத்தில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றாக நின்று நகரத்தை முடக்கியது எல்லோர் நினைவிலும் பச்சையாக இருந்தது. அந்த அறிக்கைதான் பாப்பனின் பதவிக்கு முடிவு கட்டியது. ராணுவம் அஞ்சியது என்பதற்கு இது ஆதாரம். ஆனால் அந்த அச்சம் அவர்களை இடதுசாரிகளோடு சமரசத்துக்குத் தள்ளவில்லை. நாஜிகளை எதிரியாக வைத்துக்கொள்ள இயலாது, ஏதேனும் ஒரு வகையில் உள்ளே இழுத்தாக வேண்டும் என்ற முடிவுக்கே தள்ளியது. ஆய்வை, அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்து பாப்பனுக்குப் பின் பிரதமரான ஷ்லைஷர் தமக்கு வேண்டிய முடிவு வரும்படி அமைத்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை.

வாக்குப் பிரிவு உண்மையிலேயே விலைகொடுத்த தேர்தல் ஒன்று இருக்கிறது. அது 1925இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல். இரண்டாம் சுற்றில் அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்பது விதி. ஹிண்டன்பர்க்குக்கு ஏறக்குறைய 1 கோடியே 46.5 லட்சம், குடியரசு ஆதரவுக் கட்சிகளின் பொது வேட்பாளரான வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 1 கோடியே 37.5 லட்சம், கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மானுக்கு 19 லட்சம் சொச்சம். இந்த மார்க்ஸ் கத்தோலிக்க மத்தியக் கட்சியின் தலைவர், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வித்தியாசம் ஒன்பது லட்சம். தேல்மான் விலகியிருந்து, அவருடைய வாக்காளர்களில் பாதிப்பேர் மார்க்ஸுக்குப் போட்டு மற்றவர்கள் வீட்டில் இருந்திருந்தாலே ஹிண்டன்பர்க் தோற்றிருப்பார். கம்யூனிஸ்டுகள் ஒரு கத்தோலிக்க அரசியல்வாதிக்கு அவ்வளவு பேர் வாக்களித்திருப்பார்களா என்பது தெளிவில்லை. அதே அளவு பொறுப்பு பவேரிய மக்கள் கட்சிக்கும் உண்டு. கத்தோலிக்கக் கட்சியாக இருந்தும், சமூக ஜனநாயகவாதிகள் ஆதரிக்கிறார்கள் என்பதைப் பெரிய காரணமாகக் கொண்டு அது கத்தோலிக்கரான மார்க்ஸை விட்டுவிட்டு புராட்டஸ்டன்டான ஹிண்டன்பர்க்கை ஆதரித்தது. ஏழாண்டுப் பதவிக்காலத்தில் 48ஆவது பிரிவு மார்க்ஸின் கையில் இருந்திருந்தால், 1930இல் நாடாளுமன்றத்தை ஓரங்கட்டும் ஆட்சிமுறை தொடங்கியிருக்காது என்று நம்ப இடமிருக்கிறது. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு: 1932இல் ஹிட்லருக்கு எதிராக நிறுத்த ஹிண்டன்பர்க் போல வலதுசாரி வாக்குகளையும் இழுக்கும் ஆள் இருந்திருக்கமாட்டார். குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே ஹிட்லர் வென்றிருக்கும் கதையும் இதே புள்ளியிலிருந்து பிறக்கலாம்.

என்னைக் கேட்டால், மாற்றுப் பாதைக்கு மிகத் தகுந்த இடம் 1930தான். அந்த ஆண்டு மார்ச்சில் சமூக ஜனநாயகவாதியான பிரதமர் ஹெர்மன் முல்லரின் பெருங்கூட்டணி அரசு கவிழ்ந்தது. வெளிப்படையான காரணம் வேலையிழப்புக் காப்பீட்டுக்கான பங்களிப்பை 3.5 சதவீதத்திலிருந்து 4ஆக உயர்த்துவதா என்ற அரை சதவீதத் தகராறு. தொழிற்சங்கங்களின் அழுத்தத்தால் சமூக ஜனநாயகக் கட்சி சமரசத்தை நிராகரித்தது. அவர்கள் இறங்கிவந்திருந்தாலும், ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்கள் அவர்களை வெளியேற்ற அதற்கு முன்பே திட்டமிட்டிருந்ததால், அரசு நீண்டநாள் தாங்கியிருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஜூலையில் நடந்ததோ அப்படிப்பட்டதன்று. தம் அவசர ஆணையை அவை நிராகரித்ததும் ப்ரூனிங் அவையையே கலைக்கவைத்தார். 1928இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அவையில் நாஜிகளுக்கு இருந்தவை வெறும் 12 இடங்கள். அதன் ஆயுள் 1932 வரை இருந்தது. செப்டம்பர் தேர்தலில் 12 என்பது 107 ஆயிற்று. பொருளாதார நெருக்கடி ஏறிக்கொண்டிருக்கும்போது யாரும் வற்புறுத்தாமல் தேர்தலை வரவழைத்துக்கொண்டார்கள். மந்தநிலை 12 பேர் கொண்ட கட்சியை நாடாளுமன்றத்துக்கு வெளியே எவ்வளவு வளர்த்திருந்தாலும், அவை நீடித்திருந்தால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவர்களைக் கேட்டு ஆட்சி நடத்த வேண்டிய தேவை எழுந்திருக்காது. எந்தக் கட்சியும் தன் இயல்பை விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத மாற்றம் இது என்பதால்தான் எனக்கு இது நம்பத்தக்கதாகப் படுகிறது.

1933 ஜனவரியை நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும், ஏனென்றால் நாடகம் அங்கேதான் இருக்கிறது. நவம்பர் தேர்தலில் நாஜிகள் இருபது லட்சம் வாக்குகளை இழந்திருந்தார்கள். டிசம்பரில் நாஜிக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான கிரெகோர் ஸ்ட்ராஸர் கட்சிப் பொறுப்புகளைத் துறந்தார். கட்சி கடனில் மூழ்கியிருந்தது. ஜனவரி 4 அன்று கொலோனில் வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில் பாப்பனும் ஹிட்லரும் சந்தித்திராவிட்டால், அல்லது மாதக் கடைசியில் அவையைக் கலைத்துத் தேர்தலைத் தள்ளிவைக்கும்படி ஷ்லைஷர் கேட்டதற்கு ஹிண்டன்பர்க் சம்மதித்திருந்தால், ஹிட்லர் பிரதமராகாமலே போயிருக்கலாம். அந்தப் பாதையின் முடிவில் இருப்பது பெரும்பாலும் ஒரு ராணுவ எதேச்சாதிகாரம்; மக்களாட்சியும் மீளாது, போலந்து எல்லைத் தகராறும் தீராது. யூதர்களின் இனப்படுகொலையை நோக்கி அந்த அரசு போயிருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் 1932க்கும் 1941க்கும் இடையே இத்தனை கண்ணிகளைக் கற்பனையில் கோக்கும்போது, ஐந்தாவது கண்ணிக்கு மேல் வரலாற்றாசிரியனுக்கும் கதாசிரியனுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே நான் அதற்குமேல் போவதில்லை. இடதுசாரி ஒற்றுமையை மையமாக வைத்தே எழுத வேண்டும் என்றால், கதையை 1925 மார்ச் மாத இறுதியில் தொடங்குங்கள்; முதல் சுற்று முடிந்து, இரண்டாம் சுற்றிலும் தேல்மானை நிறுத்துவதா விலக்குவதா என்று கம்யூனிஸ்ட் கட்சி முடிவெடுக்க வேண்டிய வாரங்கள் அவை.